கட்சியும் வாக்கும்: சேர். பொன்னம்பலம் அருணாசலம் வாழ்க்கை புகட்டும் பாடம்

தேர்தற்காலம் வருந்தோறும் நம்மிடையே ஒரு கேள்வி எழுகின்றது. நாம் நெடுங்காலமாக ஆதரித்து வந்த கட்சி நம்மை ஏமாற்றிவிட்டது. இனியும் அதனோடு நிற்பதா, விலகுவதா? நிற்பதே விசுவாசம் என்பர் ஒருசாரார். விலகுவதே விவேகம் என்பர் மற்றொரு சாரார். இருசாராரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும்போது கேட்போர் மனம் ஊசலாடுகின்றது. இத்தகைய கேள்விகளுக்குத் தருக்கத்தால் மட்டும் விடை காண்டல் அரிது. அதே இக்கட்டில் அகப்பட்டு, அதனை எதிர்கொண்ட பெரியார் ஒருவரின் வாழ்க்கையை ஆராய்தல் நன்று எனக் கருதுகின்றோம். அப்பெரியார், இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவராயிருந்து, இரண்டாண்டு நிறையுமுன் அதனைத் துறந்த சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்களாவர்.

அருணாசலம் 1853 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14 ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், கொழும்பு கொச்சிக்கடையில் விளங்கும் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை நிறுவிய சிவபக்தர். குமாரசுவாமி, இராமநாதன் என்னும் இருவரும் தமையன்மார். சேர். முத்துக்குமாரசுவாமி தாய்மாமன். இத்தகைய குடியிற் பிறந்தும் குடிப்பெருமையை நம்பி வாளாவிருந்தாரல்லர். பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் கற்றுப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். 1875 ஆம் ஆண்டிலே பகிரங்கப் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர் என்னும் பெருமையை எய்தினார்.

அரசாங்க சேவையில் அவர் நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் கடமையாற்றினார். காணி உறுதிகளின் பதிவு சீர்குலைந்து, வஞ்சகர்க்கு வாய்ப்பளித்த காலம் அது. அப்பகுதியை ஒழுங்குபடுத்தி, ஏழைக் குடியானவனும் தன் உறுதியை நம்பி உறங்கத்தக்க நிலையை உண்டாக்கினார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி அவர் எழுதிய அறிக்கை, எண்களின் தொகுப்பாக மாத்திரம் அமையாது, இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், சாதி, தொழில் ஆகியவற்றை விளக்கும் நூலாகவே அமைந்தது. 1906 ஆம் ஆண்டில் இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் தொடங்கினார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 இல் பல்கலைக்கழகமும் தோன்றுதற்கு அவ்வியக்கமே வித்திட்டது.

1913 இல் ஓய்வுபெற்றபின் கறுவாத்தோட்டத்து மாளிகையில் இளைப்பாறியிருத்தல் அவர்க்கு எளிதாயிருந்தது. அவரோ 1915 இல் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களிலும் நகரங்களிலும் உழைக்கும் தொழிலாளரின் துயர்துடைக்க 1919 இல் ஒரு கழகம் நிறுவினார். 1917 ஏப்பிரில் மாதத்தில் நமது அரசியல் தேவைகளைப்பற்றி அவர் ஆற்றிய பேருரை, படித்தவர்களிடையே புதியதோர் உணர்ச்சியை எழுப்பிற்று. அவ்வாண்டிலேயே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் அவர் தலைமையில் தோன்றிற்று. இந்நாட்டை இந்நாட்டவரே ஆளுதல் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. தமிழர்க்கு ஒன்று, சிங்களவர்க்கு ஒன்று என அக்கோரிக்கையை அவர் பிரித்தாரல்லர்.

அக்காலத்து மக்கள் மனநிலையையும் நாம் நினைவுகூரல் வேண்டும். 1911 இல் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தபோது, வாக்குரிமை பெற்றிருந்தோர் மூவாயிரம் பேரளவினரே. அவருட் பெரும்பாலார் சிங்களவர். எனினும் அவர்கள் தெரிவுசெய்தது சேர். மாக்கஸ் பெர்னாந்துவையன்று, அருணாசலத்தின் தமையனாராகிய இராமநாதனையே. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் இலண்டன் சென்று வாதாடினார். இனத்தின் எல்லையைக் கடந்து மனிதரை மனிதர் நம்பிய காலம் அது. அந்நம்பிக்கைமேலேயே அருணாசலம் தம் மாளிகையைக் கட்டமுயன்றார்.

சங்கங்கள் பலவற்றையும் ஒன்றாக்கித் தேசிய காங்கிரஸ் ஒன்றை அமைக்க அவர் முயன்றபோது, யாழ்ப்பாணச் சங்கத்தார் தயங்கினர். பிரதேசவாரித் தொகுதிகள் ஏற்பட்டால், தொகையிற் குறைந்த தமிழர் சட்டநிரூபண சபையில் தமக்கு அதுகாறும் இருந்த இடத்தை இழப்பர் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. அதனைப் போக்கும் பொருட்டு 1918 டிசெம்பரில், இலங்கைத் தேசிய சங்கத் தலைவர் ஜேம்ஸ் பீரிசும் சீர்திருத்தக் கழகத்தின் சார்பில் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் எழுத்துமூலம் ஓர் உறுதி அளித்தனர். மேல்மாகாணத்தில் தமிழர்க்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் ஆதரிப்பதாக அவ்வுறுதி கூறிற்று. அருணாசலம் தம் சொல்லையும் அதனோடு பிணையாக வைத்தார். அவர் சொல்லை நம்பியே யாழ்ப்பாணத்தார் இணங்கினர். 1919 டிசெம்பர் 11 ஆந் திகதி காங்கிரஸ் கூடிற்று. அறுபத்தாறு வயதுடைய அருணாசலம் அதன் முதலாவது தலைவரானார்.

பின் நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவோம். 1920 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 37 உறுப்பினர் கொண்ட சபையை அமைத்தது. பிரதேசவாரி ஆசனங்கள் ஏற்பட்டன. மேல்மாகாணத் தமிழ் ஆசனமோ ஏற்படவில்லை. உறுதியை நிறைவேற்றுமாறு கேட்டபோது, முன்னைய சங்கத் தலைவர்கள் எழுதிய கடிதம் காங்கிரசைக் கட்டுப்படுத்தாது என்னும் மறுமொழியே வந்தது. 1921 இல் கொழும்பு நகரத் தொகுதிக்கு அருணாசலம் அபேட்சகராக நிற்க விரும்பியபோதும் காங்கிரசாரின் ஆதரவு ஜேம்ஸ் பீரிசுக்கே கிடைத்தது. அவ்வாண்டிலேயே அருணாசலம் தாம் பெற்றெடுத்த காங்கிரசை விட்டு நீங்கினார். அவருடன் தமிழ்த் தலைவர் பலரும் நீங்கினர்.

மறுபக்கத்தாரின் நியாயத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. இனவாரிப் பிரதிநிதித்துவம் நாட்டைக் கூறுபடுத்தும், பிரதேசவாரிப் பிரதிநிதித்துவமே ஒரு தேசத்தை உருவாக்கும் என்பது காங்கிரசாருட் பலரின் மெய்யான கொள்கை. ஓர் இனத்துக்குச் சிறப்பிடம் கொடுத்தால் ஏனையோரும் கேட்பர் என அவர்கள் அஞ்சினர். இக்கொள்கையை முற்றிலும் பிழையென நாம் தள்ளமாட்டோம். ஆனால், கொள்கை வேறு, கொடுத்த சொல் வேறு. சிறப்பிடம் தகாது என்று கருதியவர்கள் 1918 இலேயே அதனைக் கூறியிருத்தல் வேண்டும். சொல்லைக் கொடுத்து ஆதரவைப் பெற்றுக்கொண்டபின், கொள்கையை எடுத்துக்காட்டிச் சொல்லை மறுப்பது கடன் வாங்கியவன் கடனுறுதியிற் பிழைகாண்பது போலாம்.

அருணாசலம் விலகியது சரியா? அவர் உள்ளேயிருந்து போராடியிருக்க வேண்டும் என்பார் உளர். பொதுவாக அவ்வுரை ஏற்கத்தக்கதே. கட்சியை விட்டு நீங்கினவனுக்கு அக்கட்சியைத் திருத்தும் உரிமை குறைந்துவிடுகின்றது. ஆயினும் அருணாசலத்தின் நிலை தனிப்பட்டது. தாம் மாத்திரம் ஏமாந்திருந்தால் அவர் பொறுத்திருக்கலாம். தம் சொல்லை நம்பி வந்தவர்களை ஏமாற்றிய கட்சியில் அவர் தொடர்ந்திருந்தால், அவ்வேமாற்றத்துக்கு அவரும் பங்காளராகியிருப்பார். பிறரை அழைத்துவந்தவனுக்குள்ள கடமை, அழைக்கப்பட்டு வந்தவனுடைய கடமையிலும் பெரிது.

எனினும் அவ்விலகலுக்குக் கொடுத்த விலையும் பெரிது. 1921 இல் தமிழர் மகாசன சபையும் 1923 இல் இலங்கைத் தமிழர் கழகமும் தோன்றின. நாடு முழுவதற்கும் பேசிய நா, ஓரினத்துக்குப் பேசவேண்டியதாயிற்று. காங்கிரசோ எல்லா இனத்தாரதும் சபை என்னும் தோற்றத்தைப் பெரும்பாலும் இழந்தது. 1924 ஜனவரி 9 ஆந் திகதி, தலயாத்திரை சென்ற இடத்தில், மதுரையிலே அருணாசலம் சிவபதமடைந்தார். அவ்வாண்டிலே நடைமுறைக்கு வந்த புதிய அமைப்பில், மேல்மாகாணத் தமிழர்க்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கான தேர்தலைக் காண அவர் இருந்திலர். அவ்வாசனத்தைத் தோழர் கையாற் பெற்றிருந்தால் அது நட்பின் சின்னமாயிருந்திருக்கும். தேசாதிபதியின் கையாற் பெற்றமையால் அது பிரிவின் சின்னமாயிற்று. ஓர் ஆசனத்தை மறுத்தவர்கள் எவ்வளவு பெரியதொன்றை இழந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு நோகின்றது.

இனி, சாதாரண வாக்காளராகிய நமக்கு இதனாற் பெறப்படுவது யாது? ஏமாற்றங்கள் எல்லாம் ஒருதன்மையனவல்ல. முயன்றும் முடியாமற்போன கட்சி ஒன்று. காலந்தாழ்த்தும் கட்சி ஒன்று. நிலைமை மாறியது கண்டு, காரணத்தை வெளிப்படையாகக் கூறித் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளும் கட்சி ஒன்று. இம்மூன்றையும் பொறுத்தல் தகும். மழை பொய்த்த ஆண்டிலே வயலைக் கைவிடும் கமக்காரன் ஒருநாளும் விளைவு காணான். ஆனால், கொடுத்த சொல்லைக் கொடுக்கவேயில்லையெனச் சாதிக்கும் கட்சியைப் பொறுத்தல் விசுவாசமன்று; அடிமைத்தனம். எவ்வளவு தவறினும் இவர்கள் நமக்கே வாக்களிப்பர் என்று ஒரு கட்சி அறிந்துகொண்டால், அது நம்மிடம் வாக்குக் கேட்க வரும்; வழக்குக் கேட்க வாராது.

விலகுபவர்க்கும் ஒரு நிபந்தனை உண்டு. முன்னர் உள்ளிருந்து உரத்துச் சொல்லல் வேண்டும். பின்னரே விலகல் வேண்டும். விலகும்போது கட்சியை விடலாம், கட்சி எதற்காகத் தோன்றிற்றோ அந்நோக்கத்தை விடலாகாது. கோபத்தால் வாக்கையே அளியாதிருப்பதும், பழிவாங்கும் பொருட்டுத் தகாதவனுக்கு அளிப்பதும் விலகலல்ல, தன்னைத்தான் தண்டித்துக்கொள்ளலாம்.

கட்சிகள் நிலையானவையுமல்ல. அருணாசலம் நீங்கிய காங்கிரசிலிருந்து, அதிற் பல்லாண்டு உழைத்த டி. எஸ். சேனநாயக்கவும் 1943 இல் நீங்கினார். 1946 இல் அவர் தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சி எழுந்தபின் காங்கிரஸ் மெல்ல மறைந்தது. அருணாசலம் கேட்ட சுயாட்சியோ, 1948 இல் வந்தது. வண்டி உடைந்தது, வழி நின்றது.

இம்மலரை விரித்துப் படிக்கும் பழைய மாணவராகிய நாம், கல்லூரியிடத்து வைத்த பற்றை என்றும் விடோம். அது பெற்ற கல்விக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன், அதற்கு முடிவில்லை. கட்சியிடத்து வைக்கும் பற்று அத்தகையதன்று. அது நாம் பிறர் கையில் ஒப்படைக்கும் பொருள். கணக்குக் கேட்கும் உரிமை நம்மிடமே உண்டு. 1921 இல் முதுமையும் தனிமையும் நோக்காது அக்கணக்கைக் கேட்டார் ஒருவர். அவர் மறைந்து நூறாண்டு கடந்தபின்னும், அக்கேள்வியைக் கேட்கக் கற்பவரே அவரை மெய்யாக நினைவுகூர்பவராவர்.