கொள்ளைநோய் தொற்றும் என்று எழுதிய கிரனாடா அமைச்சர்

லிசானுத்தீன் இப்னுல் கதீப் அவர்கள் ஸ்பெயினின் லோஜா நகரில் கி.பி. 1313-ல் (ஹிஜ்ரி 713) பிறந்தார். மருத்துவம், வரலாறு, கவிதை ஆகிய மூன்றிலும் தேர்ந்தவர். 1340-ல் நடந்த போரில் தந்தையையும் அண்ணனையும் இழந்தார். கிரனாடா அரசவையில் தம் ஆசிரியர் இப்னுல் ஜய்யாபின் கீழ் பணியாற்றினார்.

1348-ல் பிளேக் நோய் அல்மேரியா துறைமுகத்தை எட்டியது. அடுத்த ஆண்டு இப்னுல் ஜய்யாபும் அதற்குப் பலியானார். ஆசிரியர் வகித்த பொறுப்பு மாணவரிடம் வந்தது.

அன்று நோய்க்கு மருந்து இல்லை. கிருமிகளைப் பற்றி எவருக்கும் தெரியாது. தொற்று என்பதே இல்லை என்று மார்க்கத் தீர்ப்பு வழங்கியவர்களும் இருந்தனர். அதை நம்பிய மக்கள் நோயாளிகளோடு கலந்து பழகி மடிந்தனர். இப்னுல் கதீபை வருத்தியது இதுதான்.

கொள்ளைநோய் பற்றி அவர் தனி நூலே எழுதினார். நோயாளியோடு பழகியவர் நோயுறுகிறார், விலகியிருந்தவர் தப்புகிறார். நோயாளியின் ஆடை, பாத்திரம், காதணி வழியாகவும் நோய் பரவுகிறது. நலமாக இருந்த துறைமுகத்துக்கு நோயுள்ள ஊரிலிருந்து ஒருவர் வந்து இறங்கியதும் அங்கும் நோய் தொடங்குகிறது. இவற்றையெல்லாம் அவர் சான்றுகளாக அடுக்கினார்.

மொராக்கோவின் ஸலா நகரில் இப்னு அபீ மத்யன் என்பவர் உணவைச் சேமித்து வைத்து, குடும்பத்தோடு வீட்டுக்குள் இருந்து வாசலை அடைத்துக்கொண்டார். ஊரே அழிந்தபோதும் அந்த வீட்டில் ஒருவரும் சாகவில்லை. ஸெவில் நகரில் அடைபட்டிருந்த முஸ்லிம் கைதிகளும் பிழைத்தனர். வெளியாரோடு கலவாமல் வாழ்ந்த பாலைவன நாடோடிகளையும் அவர் எடுத்துக்காட்டினார்.

எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியும் பிளேக்கைப் பரப்பும் என்பதை அவர் அறியமாட்டார். ஆனாலும் விலகியிருத்தல் உயிர் காக்கும் என்ற அவரது முடிவு சரியாகவே இருந்தது.

கண்கூடான உண்மைக்கு முரணாகத் தோன்றும் அறிவிப்புக்கு விளக்கம் தேட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையக் கூடாது, அங்கிருப்பவர் வெளியேறவும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல்தானே!

பின்னாளில் அரசியல் பகையால் மொராக்கோவுக்குச் சென்ற அவர், 1374-ல் ஃபெஸ் நகரச் சிறையில் கொல்லப்பட்டார். அவரது நூல் இன்றும் இருக்கிறது. மருந்து வந்து சேரும்வரை, அடைத்த கதவும் ஒரு மருந்துதான் என்பதை அது நமக்குச் சொல்கிறது.