தங்கையைப் பறிகொடுத்தார், ஆஸ்பத்திரி கட்டினார்!
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை

சென்னையில் பெயர் பெற்ற பெண் டாக்டர் ஒருவரின் தங்கை நோயில் விழுந்தார். சீதபேதி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். நோய் தீரவில்லை. பிறகுதான் உண்மை தெரிந்தது. அது புற்று நோய்! காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்து போனார். அக்காள் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அந்த அக்காள்தான் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைப் பெண்

அவர் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பையன்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் மன்னர் அனுமதி கொடுத்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-ல் டாக்டர் ஆனார். சட்டசபையின் துணைத் தலைவராக இருந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அனாதைப் பெண்களுக்காக அவ்வை இல்லம் நிறுவினார்.

எத்தனை வேலை இருந்தாலும் தங்கையை அவர் மறக்கவில்லை. 1925-ல் மேல் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனில், புற்று நோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இருப்பதைப் பார்த்தார். நம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று உறுதி கொண்டார்.

12 படுக்கைகள்

புற்று நோய் வந்தால் சாவுதான், அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்பது அந்தக் காலத்து எண்ணம். அரசாங்கத்திலும் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். அம்மையார் சளைக்கவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டத் தொடங்கினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் மாதம் அடையாற்றில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அப்போது இருந்தவை 12 படுக்கைகளே! அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பொறுப்பேற்றார். மறு வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

கதிர் வைத்தியம்

சில வருடங்களுக்குள் கோபால்ட் இயந்திரமும் வந்தது. கோபால்ட்டிலிருந்து கிளம்பும் கதிர் உடம்புக்குள் ஊடுருவிப் புற்றை அழிக்கும். ஆனால் போகும் வழியில் நல்ல சதையையும் தாக்கும். அதனால் பல நாட்களுக்குப் பிரித்துச் சிறிது சிறிதாகக் கொடுப்பார்கள்.

வயிற்றுக்குள் ஆழமாக இருக்கும் கட்டிகளுக்கு இது போதவில்லை. ஆகவே 1964-ல் ஜப்பானில் கியோட்டோ நகர டாக்டர்கள் புது வழி கண்டார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே, குடலை ஒதுக்கி வைத்துவிட்டு, நோய் இருக்கும் இடத்தின் மீது நேராகக் கதிரைப் பாய்ச்சினார்கள். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையத்தில் வரும் புற்றுக்கும் இந்த முறை பின்னர் கையாளப்பட்டது.

அணையாத விளக்கு

1968-ல், 81-ம் வயதில் அம்மையார் காலமானார். ஆனால் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. திருத்தணி முதல் குமரி வரை, ஏழைகளும் பணக்காரர்களும் இன்றும் அடையாற்றை நாடி வருகிறார்கள். ஆறாத புண், காரணமில்லாத இரத்தப் போக்கு, கரையாத கட்டி இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பல புற்று நோய்களைக் குணப்படுத்தலாம்!