பட்டம் சூடாத நவாப் ஹைதர் அலீ

சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் சென்று வரும் நம் ஜமாஅத்தார்களில் பலர், சீரங்கப்பட்டணத்துக் கும்பஸில் ஃபாத்திஹா ஓதித் திரும்புகின்றனர். திப்பு சுல்தான் ஷஹீத் அவர்களின் கப்ரை நாடிச் செல்பவர்களே அவர்களில் மிகுதி. அருகில் அடங்கியிருக்கும் தந்தையார் நவாப் ஹைதர் அலீ கான் அவர்களின் வரலாற்றை அறிந்தோர் குறைவு. நம் கோட்டைமேட்டிற்குப் பெயர் தந்த கோவைக் கோட்டையும் கொங்குச் சீமையும், சிற்சில இடைவெளிகள் நீங்கலாக, 1761 முதல் 1799 வரை அவ்விருவரின் ஆட்சியில் இருந்தவை.

ஹைதர் அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் ஒரு படைத்தலைவரின் மகனாகப் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையைப் போரில் இழந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். மதரஸாவில் ஓதி வந்த நாம் இதை ஒப்புக்கொள்ளக் கூச்சப்படத் தேவையில்லை. கேட்டதை மறவாத நினைவாற்றலை அல்லாஹ் அவருக்கு வழங்கியிருந்தான். 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் பெயர் பெற்று, 1755-இல் திண்டுக்கல் பௌஜ்தார் ஆனார். மைசூரில் அரசர் பெயரளவில் இருக்க, தளவாய்களே ஆண்டு வந்த காலம் அது. சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் கொந்தளித்தபோது அதைத் தீர்த்துவைத்தவர் ஹைதர். 1761-இல் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது.

ஆயினும் அவர் அரியணையில் ஏறவில்லை. உடையார் அரசரையே அதில் அமர்த்தி, தசராவில் மக்கள் முன் காட்டி, அவர் பெயரால் ஆண்டார். வாளால் பெற்ற அதிகாரத்தை மக்கள் ஏற்பதற்குப் பழைய குலத்தின் பெயர் தேவைப்பட்டது போலும். 1768-இல் கும்பினிப் படை பிடித்த கோவையையும் ஈரோட்டையும் அவ்வாண்டு முடிவதற்குள் மீட்டு, மறு ஆண்டில் சென்னையின் வாசல் வரை சென்று உடன்படிக்கை எழுத வைத்த வீரருக்கும் இந்தத் திரை வேண்டியிருந்தது! அத்திரைக்குப் பின்னால் நடந்தவை அனைத்தும் நல்லவை அல்ல. இளம் அரசர் நஞ்சராஜ உடையார் 1770-இல் கொல்லப்பட்டார். ஹைதரின் ஆணையே அதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவர் நம்மவர் என்பதற்காக இதை மறைப்பது நீதியாகாது.

1776-இல் அடுத்த உடையாரும் வாரிசின்றி இறந்தார். அப்போது அக்குலத்தின் கிளைக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களை வரவழைத்து, பழங்களும் பொம்மைகளும் பரப்பிய கூடத்தில் விட்டாராம் ஹைதர். மற்றவர்கள் தின்பண்டத்தின் மீது பாய, ஒரு சிறுவன் மட்டும் குறுவாளை எடுத்தான். அவனையே அரசனாக்கினார். அவனே காசா சாமராஜ உடையார்.

தம் சொந்த வாரிசு விஷயத்தில் இப்படி எந்தச் சோதனையும் வைக்கவில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவரை நியமித்தபோது, தம் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கு அப்பதவி கிடையாது என விலக்கிவைத்ததை நாம் அறிவோம். ஹைதர் அவ்வழியில் செல்லவில்லை. எனினும் மகன் திப்புவை அரபி, பார்சி, கன்னடம் கற்கச் செய்து, இளமையிலேயே போர்க்களத்திற்கு அனுப்பிப் பழக்கியதைக் குறைவாக மதிப்பிட முடியாது.

1782 டிசம்பர் 7-இல் சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் வஃபாத்தானார். திப்புவோ அப்போது மலபாரில் பொன்னானிப் பக்கம் இருந்தார். இளைய மகன் அப்துல் கரீமைப் பட்டத்தில் ஏற்றச் சிலர் சதி செய்தனர், அது முறியடிக்கப்பட்டது. பூர்ணையா முதலிய அமைச்சர்கள் மரணச் செய்தியை மறைத்து, ஜனாஸாவைப் பொக்கிஷப் பெட்டி போல் கோலாருக்கு அனுப்பினர். திப்பு மேற்கிலிருந்து விரைந்து வந்து சேரும் வரை படை கலையவில்லை. உயிரோடிருந்தபோது உடையாரின் பெயரால் ஆண்டவர், மறைந்த பின் சில நாட்கள் தம் பெயராலேயே படையைக் கட்டிக் காத்தார்!

திப்பு அத்திரையை விலக்கித் தாமே பாதுஷா என அறிவித்தார். 1796-இல் காசா சாமராஜர் இறந்தபின் வேறு உடையாரை அமர்த்தவில்லை. 1799 மே 4-இல் அவர் ஷஹீதானதும் கோவை கும்பினி வசமானது. அவருடைய புதல்வர்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். உரிய குலத்திற்கே அரியணையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை ஆங்கிலேயர் மைசூர் அரசராக்கினர். அக்குழந்தை, ஹைதர் தேர்ந்தெடுத்த அதே காசா சாமராஜரின் மகன்.