நாவலரும் வேதாகமமும்

தமிழ் வேதாகமம் ஆறுமுக நாவலர் எழுதியதா என்று நம்மவர் பலர் இன்றும் கேட்பதுண்டு. அவர் தனியே எழுதியதல்ல. 1822 இல் நல்லூரில் பிறந்த நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். சென்னையில் மகாலிங்கையர் அதன் தமிழை ஏற்றார். அது 1850 இல் அச்சேறுமுன்பே, 1848 இல், நாவலர் விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். சைவத்தை அவர் ஒருநாளும் விடவில்லை.

ஆயினும் வரிவரியாகப் படித்த நூலை மறக்கவுமில்லை. 1854 இல் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது, எருசலேம் ஆலயத்துத் தூபதீபங்களையும் சடங்குகளையும் காட்டி, கோயில் வழிபாட்டைப் பழித்தவர்களுக்கு அவர்கள் வேதத்திலிருந்தே விடை சொன்னார். கல்முனையில் மிஷன் பள்ளியில் படித்த நம்மூர் விபுலாநந்த அடிகளை அறிந்த நமக்கு இது வியப்பல்ல.

பேர்சிவல் பதிப்பு சபைகளில் நிலைக்கவில்லை. 1871 இல் வந்த பவர் பதிப்பே பரவியது. நாவலர் 1879 இல் மறைந்தார்.