மார்த்தாண்டம் தேன் பெயர் வாங்கினது எப்படி? யார் இந்த ஸ்பென்சர் ஹாட்ச்?

2023-ல் புவிசார் குறியீடு பெற்றது மார்த்தாண்டம் தேன். இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர்களில் முக்கியமானவர் ஓர் அமெரிக்கர்: ஸ்பென்சர் ஹாட்ச்.

யார் இவர்?

கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியா வந்தார். 1920-களில் மனைவி எமிலியுடன் மார்த்தாண்டத்தில் கிராமச் சீரமைப்பு மையத்தை நடத்தினார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். கோழி வளர்ப்பு, கூட்டுறவு முட்டை விற்பனை என்று பல தொழில்களைச் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒன்றுதான் தேனீ வளர்ப்பு. சொந்த நிலமே இல்லாதவரும் இதைச் செய்யலாம். தீவனச் செலவும் பெரிதாகக் கிடையாது.

பெட்டி ஏன் தேவைப்பட்டது?

அதுவரை பொந்தில் கூட்டைப் பார்த்தால் புகை போட்டு, அடையை அப்படியே அறுத்துப் பிழிவார்கள். தேனோடு புழுக்களும் நசுங்கிவிடும். கூட்டின் கதை அதோடு முடிஞ்சு போச்சு.

ஒரு கூட்டில் முட்டையிட ஒரே ஒரு ராணி. ஆண் தேனீக்களின் வேலை இனச்சேர்க்கை மட்டும்தான். மற்ற எல்லாமே ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் தலையில். பிறந்ததும் அறையைச் சுத்தம் செய்யும், பிறகு புழுக்களுக்கு ஊட்டும், மெழுகில் அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும். கடைசியில்தான் தேன் தேடி வெளியே பறக்கும். அடுத்த தலைமுறைப் புழுக்கள் செத்தால் இந்தச் சங்கிலியே அறுந்துவிடும்.

அடையின் மேல்பகுதியில் தேன், கீழே முட்டையும் புழுவும். இதுதான் தேனீயின் வழக்கம். இதற்கு ஏற்ற மாதிரி, நம்ம ஊர் தேனீக்காகவே பாதிரியார் நியூட்டன் திருச்சி பகுதியில் 1910-களில் உருவாக்கியதுதான் நியூட்டன் பெட்டி. மேலடுக்குச் சட்டங்களை மட்டும் உருவி, இயந்திரத்தில் சுழற்றித் தேன் எடுக்கலாம். கீழே குடும்பம் பத்திரமாக இருக்கும். இப்படிப் பெட்டியில் வளர்க்கும் முறையைத்தான் ஹாட்ச் மையம் ஊர் ஊராகக் கொண்டுபோனது.

அவருக்குப் பிறகு?

ஹாட்ச் பின்னாளில் மெக்சிகோ போய் அங்கும் கிராமப் பணி செய்தார். மார்த்தாண்டத்தில் தொழில் வளர்ந்தது. ரப்பர் மரத்தின் இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீர், தேனீக்களுக்குப் பெரிய தீனியானது.

1990-களின் தொடக்கத்தில் விழுந்தது பெரிய அடி. தாய் சாக்புரூட் வைரஸ் புழுக்களைத் தாக்க, பெட்டி பெட்டியாகக் கூடுகள் காலியாகின. பிழைத்த கூடுகளைப் பிரித்துப் பெருக்கித்தான் விவசாயிகள் மீண்டார்கள்.

தேனை எடு, குடும்பத்தை விட்டுவை. ஹாட்ச் காலத்தில் படித்த அந்தப் பாடம்தான் இன்னைக்கும் மார்த்தாண்டத்தின் முதலீடு.