ஜெசி லிவர்மோர்

ஜெசி லாரிஸ்டன் லிவர்மோர் (ஜூலை 26, 1877 – நவம்பர் 28, 1940) ஓர் அமெரிக்கப் பங்குச் சந்தை ஊக வணிகர் ஆவார். ஒரு பங்கின் விலை முன்னர் எந்த இடத்தில் திரும்பியது என்பதைக் குறித்துவைத்து, விலை மீண்டும் அவ்விடத்தை அடையும் வரை காத்திருந்து, குறைந்த இழப்பு வாய்ப்புடன் வணிகம் செய்யும் முறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இவர் பெருஞ்செல்வத்தைப் பலமுறை ஈட்டிப் பலமுறை இழந்தவர். அவ்விழப்புகளுள் மிகவும் அறியப்பட்டது, தம் விதிகளைத் தாமே மீறியதால் நேர்ந்தது.

இளமை

லிவர்மோர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சுரூசுபரி என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கணக்கில் வல்லவரான இவரைத் தந்தை 14 வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தி வயல் வேலையில் ஈடுபடுத்த விரும்பினார். தாயின் உதவியுடன் வீட்டைவிட்டு வெளியேறிப் போஸ்டன் சென்றார். அங்கு பெயின் வெப்பர் என்னும் தரகு நிறுவனத்தில், தந்தி வழி வரும் பங்கு விலைகளைக் கரும்பலகையில் எழுதும் வேலை கிடைத்தது. எழுதிய எண்களை ஒரு குறிப்பேட்டிலும் பதிந்துவந்தார். விலைகள் ஏறும் முன்னும் இறங்கும் முன்னும் ஒரே விதமான அசைவுகளைக் காட்டுவதை அதிலிருந்து கண்டுகொண்டார்.

அக்காலத்தில் பக்கெட் கடைகள் எனப்பட்ட சூதாட்ட நிலையங்கள் அமெரிக்க நகரங்களில் பரவியிருந்தன. அங்கு உண்மையில் பங்குகள் கைமாறுவதில்லை. சிறு முன்பணம் கட்டி விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் வைப்பதோடு சரி. 15 வயதில் லிவர்மோர் அங்கு பெற்ற முதல் இலாபம் 3.12 டாலர். விரைவில் வேலையை விட்டு இதையே தொழிலாகக் கொண்டார். தொடர்ந்து வென்றதால் கடைக்காரர்கள் இவரை உள்ளே விட மறுத்தனர்.

நியூயார்க்கில்

பின்னர் நியூயார்க் சென்று உண்மையான பங்குச் சந்தையில் இறங்கினார். பழைய திறமை அங்கு அப்படியே பயன்படவில்லை. பக்கெட் கடையில் பலகையில் உள்ள விலையே வணிக விலை. உண்மையான சந்தையிலோ ஆணை நிறைவேறுவதற்குள் விலை மாறிவிடும். 1901 மே 9 அன்று நார்தர்ன் பசிபிக் இரயில்வே பங்குகளுக்காக நடந்த போட்டியால் சந்தை சரிந்தபோது, சரிவை இவர் சரியாகவே கணித்திருந்தார். ஆனால் விலைச் செய்தி வெகுவாகப் பின்தங்கியதால் இவரது விற்பனைகள் மிகத் தாழ்ந்த விலையிலேயே நிறைவேறின. சந்தை உடனே மீண்டெழவே, சேர்த்த பணம் போயிற்று.

1906 இல் யூனியன் பசிபிக் பங்குகளைக் குறுவிற்பனை செய்தார். கையில் இல்லாத பங்கைக் கடனாக வாங்கி விற்று, விலை இறங்கியபின் வாங்கித் திருப்பித் தருவது குறுவிற்பனை ஆகும். ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் ஏற்பட, ஏறத்தாழ 2,50,000 டாலர் கிடைத்தது. இது முறையின் வெற்றி அன்று. நற்பேறு என்றே கொள்ள வேண்டும். 1907 ஆம் ஆண்டின் நிதிப் பீதியின்போது குறுவிற்பனையால் ஒரே நாளில் பத்து இலட்சம் டாலர் ஈட்டினார். மேலும் விற்க வேண்டாம் என வங்கியாளர் ஜே. பி. மார்கன் தரப்பிலிருந்து வேண்டுகோள் வந்ததாகவும் அதை இவர் ஏற்றதாகவும் கூறப்படுகிறது.

அடுத்த ஆண்டே அச்செல்வத்தின் பெரும்பகுதி பருத்தி வணிகத்தில் அழிந்தது. பருத்தி வல்லுநர் ஒருவரின் பேச்சை நம்பி வாங்கினார். விலை இறங்க இறங்க மேலும் வாங்கினார். இலாபம் தந்துகொண்டிருந்த கோதுமையை விற்றுவிட்டு, இழப்பில் இருந்த பருத்தியை வைத்துக்கொண்டார். பிறர் சொல் கேளாமை, இழப்பில் உள்ளதைக் கூட்டாமை ஆகிய இரண்டும் இவரது அடிப்படை விதிகள் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அடுத்த சில ஆண்டுகளில் கடன் பத்து இலட்சம் டாலரைத் தாண்ட, நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்டார்.

1915 இல் மீண்டெழ இவருக்கு ஒரு தரகர் 500 பங்குகள் வாங்கும் அளவுக்கு மட்டும் கடன் தந்தார். ஒருமுறை தவறினாலும் எல்லாம் முடிந்துவிடும் நிலை. முதன்முறையாக 100 டாலரைக் கடக்கும் பங்கு நிற்காமல் மேலும் ஏறும் என்பது இவரது பட்டறிவு. பெத்லகேம் ஸ்டீல் பங்கு அவ்விலையை நெருங்கும் வரை ஆறு வாரங்கள் ஒன்றும் செய்யாமல் காத்திருந்து, 98 டாலரைக் கடந்தபோது வாங்கினார். அன்றே விலை 114 டாலர் அளவுக்கு ஏற, அந்த இலாபத்தின் துணையுடன் மேலும் 500 பங்குகள் வாங்கினார். மறுநாள் விலை 145 ஆனது. சட்டப்படி கட்டாயம் இல்லாதபோதும் 1917 இல் பழைய கடன்களை எல்லாம் அடைத்தார்.

திருப்புமுனைப் புள்ளி முறை

விலைப்படங்களை ஆராய்வோர் இவரைத் தம் முன்னோராகக் கருதினாலும், இவர் வரைந்த படங்களை விரும்பியவர் அல்லர். அவை குழப்பம் தருபவை என எண்ணி, எண்களை நிரல்களில் எழுதிவந்தார். ஒவ்வொரு பங்குக்கும் ஆறு நிரல்கள் உண்டு. ஏறுமுகத்துக்குக் கறுப்பு மை, இறங்குமுகத்துக்குச் சிவப்பு மை, இடைப்பட்ட அசைவுகளுக்குப் பென்சில்.

30 டாலருக்கு மேற்பட்ட பங்கு ஏறத்தாழ 6 டாலர் எதிர்த்திசையில் நகர்ந்தால்தான் நிரல் மாறும். சிறு அசைவுகள் பதியப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, 60 வரை ஏறிய பங்கு 54க்கு இறங்கினால், 60 என்னும் எண்ணின் கீழ் சிவப்புக் கோடு இடப்படும். அதுவே திருப்புமுனைப் புள்ளி. பங்கு மீண்டும் ஏறி 63 ஐத் தொட்டால் ஏறுமுகம் தொடர்கிறது என்று பொருள். 60 ஐ நெருங்கி, அதைக் கடக்காமல் 57க்கு இறங்கினால் ஏறுமுகம் முடிந்ததற்கான எச்சரிக்கை.

இம்முறையில் இழப்பு வாய்ப்பு குறைவதற்குக் காரணம் எளியது. திருப்புமுனையில் நுழைந்தவருக்குத் தம் கணிப்பு சரியா தவறா என்பது விரைவில் தெரிந்துவிடும். தவறெனில் விலை வெகுதூரம் செல்லும் முன்பே வெளியேறலாம். முதலில் சிறு பகுதியே வாங்கி, அது இலாபம் காட்டினால் மட்டும் அடுத்த பகுதியை வாங்க வேண்டும் என்றும், வெற்றி பெற்ற வணிகத்தின் இலாபத்தில் பாதியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்றும் இவர் வலியுறுத்தினார். ஆயினும் புள்ளிகள் கணிப்பைப் பொய்யாக்கிய நேரங்களும் உண்டு.

பிற்காலம்

1929 ஆம் ஆண்டின் பெருஞ்சரிவில் குறுவிற்பனையால் ஏறத்தாழ 10 கோடி டாலர் ஈட்டியதாகச் சொல்லப்படுகிறது. ஐந்தே ஆண்டுகளில் அதுவும் கரைந்தது. 1934 மார்ச்சில் மீண்டும் நொடிப்பு அறிவிக்கப்பட்டபோது 84,000 டாலர் சொத்தும் 25 இலட்சம் டாலர் கடனும் காட்டப்பட்டன. சிகாகோ வணிக வாரியத்தின் உறுப்புரிமையும் நிறுத்தப்பட்டது.

1940 மார்ச்சில் தம் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அது அன்று நன்கு விற்கவில்லை. நெடுநாள் மனச்சோர்வுற்றிருந்த இவர், அவ்வாண்டு நவம்பர் 28 அன்று நியூயார்க்கில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நூல்கள்

எட்வின் லெஃபெவர் 1923 இல் வெளியிட்ட 'ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர்' லிவர்மோரின் வாழ்வைத் தழுவியது. இதில் தலைமை மாந்தரின் பெயர் லாரி லிவிங்ஸ்டன். பெத்லகேம் ஸ்டீல் நிகழ்வு உள்ளிட்ட பல செய்திகள் இதன் வழியே பரவின. லிவர்மோர் எழுதிய நூலின் பெயர் 'ஹவ் டு டிரேட் இன் ஸ்டாக்ஸ்'. பின்னாளில் அமெரிக்க முதலீட்டாளர் வில்லியம் ஓ'நீல், கைப்பிடியுள்ள கோப்பை போன்ற விலைப்படத்தில் வாங்க வேண்டிய இடத்தைக் குறிக்கத் திருப்புமுனைப் புள்ளி என்னும் சொல்லையே கையாண்டார்.