ஏ. கே. கோபாலன்

ஏ. கே. கோபாலன் (ஆயில்யத்து குற்றியாரி கோபாலன், அக்டோபர் 1, 1904 - மார்ச் 22, 1977) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் பொதுவுடைமை இயக்கத் தலைவரும் ஆவார். கேரளத்தில் இவர் ஏ. கே. ஜி. என அறியப்படுகிறார். குற்றச்சாட்டும் விசாரணையும் இன்றி ஒருவரைச் சிறையில் வைக்கும் தடுப்புக் காவலை எதிர்த்து இவர் 1950இல் தொடுத்த வழக்கு, இந்திய அரசியலமைப்பு வரலாற்றில் முக்கிய இடம் பெறுகிறது.

இளமையும் விடுதலைப் போராட்டமும்

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், கண்ணூருக்கு அருகில் பிறந்தார். ஆசிரியராகப் பணியாற்றினார். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1931இல் தொடங்கிய குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டத்தில் தொண்டர் படைத் தலைவராக இருந்தார். 1936இல் மலபாரிலிருந்து சென்னைக்குப் பட்டினி நடைபயணம் ஒன்றை வழிநடத்தினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பி, 1945 வரை தலைமறைவாக வாழ்ந்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்றபோதும் இவர் சிறையிலேயே இருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் விடுவிக்கப்பட்டார்.

தடுப்புக் காவல் வழக்கு

1947 டிசம்பரில் மீண்டும் சிறைப்படுத்தப்பட்டார். இவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் பின்னர் நீக்கப்பட்டன. ஆயினும் தடுப்புக் காவல் ஆணைகளால் சிறைவாசம் தொடர்ந்தது. 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை இயற்றியது. மார்ச் 1 அன்று அச்சட்டத்தின் கீழ் சிறையிலேயே இவரிடம் புதிய ஆணை வழங்கப்பட்டது. இதனை எதிர்த்து இவர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். வழக்கறிஞர் எம். கே. நம்பியார் இவருக்காக வாதிட்டார்.

உறுப்பு 21இன்படி, சட்டம் வகுத்த நடைமுறைக்கு இணங்கவே ஒருவரது உயிரையும் தனிமனித உரிமையையும் பறிக்க முடியும். அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்பதே மனுதாரர் தரப்பின் மைய வாதமாகும். 1950 மே 19 அன்று ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் இருந்தால் போதும், அதன் நியாயத்தை உறுப்பு 21இன் கீழ் நீதிமன்றம் ஆராய இயலாது என்று பெரும்பான்மையினர் கருதினர். அடிப்படை உரிமைகள் ஒவ்வொன்றும் தனித்தனியானவை என்றும் கொண்டனர். நீதிபதி பசல் அலி இதிலிருந்து மாறுபட்டார். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடுவதைத் தடுத்த 14ஆம் பிரிவு மட்டும் செல்லாது என அறிவிக்கப்பட்டது. மனு தள்ளுபடியானது. கோபாலன் 1951இல் விடுதலையானார்.

நாடாளுமன்றப் பணி

1952இல் முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, எதிர்க்கட்சிகளுள் மிகுதியான இடங்களைப் பெற்றிருந்த பொதுவுடைமைக் கட்சிக் குழுவின் தலைவரானார். தொடர்ந்து ஐந்து மக்களவைகளில் உறுப்பினராக இருந்தார். கேரளத்தில் தொழிலாளர் கூட்டுறவு முறையில் இந்தியன் காபி ஹவுஸ் உருவாக முன்னின்றார். 1964இல் கட்சி பிளவுபட்டபோது மார்க்சிஸ்ட் கட்சியில் இணைந்தார். அவ்வாண்டின் இறுதியில், மக்களவை உறுப்பினராக இருந்த நிலையிலேயே, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் மீண்டும் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். 1975இல் நெருக்கடி நிலையின்போதும் கைதாகி விடுதலையான பின்னர், அதனை எதிர்த்து மக்களவையில் உரையாற்றினார்.

மறைவும் வழக்கின் தாக்கமும்

நெருக்கடி நிலை விலக்கப்பட்ட மறுநாள், 1977 மார்ச் 22 அன்று, திருவனந்தபுரத்தில் காலமானார். 1978இல் மேனகா காந்தி வழக்கில், உறுப்பு 21 கூறும் நடைமுறை நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1950இல் ஏற்கப்படாத வாதம் இவ்வாறு இவரது மறைவுக்குப் பின் சட்டமாயிற்று. எனினும் அரசியலமைப்பின் உறுப்பு 22 தடுப்புக் காவலுக்கு இடமளிக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒருவரை விசாரணையின்றி 12 மாதங்கள் வரை காவலில் வைக்கலாம்.